ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள்

முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், அவர்கள் படுக்கும் வார்டுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

உங்களில் ஒரு மருத்துவமனையிடமிருந்து எனக்குப் பதில் கடிதம் வந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்காக அப்பாவை அங்கே சேர்த்திருந்தபோது நடந்தவற்றைப் பற்றி நான் கொடுத்த புகாருக்கான பதில். அரைப் பக்கம்தான். வயது முதிர்வால் வழக்கமாக வரும் குழப்பத்தில் நோயாளி இருந்தார், அவருடைய பாதுகாப்புக் கருதியே கைகள் கட்டப்பட்டன, நடைமுறையில் தவறு ஏதும் இல்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது என்கிறது. என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதே நடைமுறை இன்றைக்கு ராத்திரியும் எத்தனையோ வார்டுகளில் நடக்கும். அதனால் அந்த ஒரு மருத்துவமனைக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கேஸ் ஷீட்டில் அதற்கு இடம் இருக்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் இரவுப் பேருந்துதான் ஓட்டினார். பகலில் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்குவார், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் விழித்துவிடுவார். பெரிய குறட்டை. நடுவில் சட்டென்று அது நின்றுபோகும், மூச்சும் சேர்ந்து நிற்கும். அம்மா எழுந்து தோளைத் தட்டியதும் ஒரு இழுப்போடு மறுபடி ஆரம்பிக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அது அப்படியேதான் இருந்தது. 65 வயதைத் தாண்டியதும் மறதி தெரிய ஆரம்பித்தது. டீக்கடையில் கொடுத்த காசையே மறுபடி கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம், தான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றார்.

ராத்திரிகள்தான் எங்களை உடைத்தன. இரண்டு மணி வாக்கில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். இடது கால் தரையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். இடது கை கியரைத் துழாவும். "பெல் அடிச்சாச்சா?" என்று அம்மாவைக் கேட்பார். "இன்னும் ஆள் ஏறிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறுங்க" என்பார் அம்மா. சில ராத்திரி அதோடு படுத்துவிடுவார். சில ராத்திரி சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டு நிற்பார். மறுநாள் பகல் முழுக்க நாற்காலியிலேயே தூங்கி வழிவார், வெயில் தாழ்ந்ததும் பதற்றம் தொடங்கும். இதை உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறோம். சர்க்கரை பார்த்தீர்கள், பி.பி. பார்த்தீர்கள், தலையை ஸ்கேன் எடுத்தீர்கள். தூக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னபோதும் "வயசானா தூக்கம் குறையத்தான் செய்யும்" என்ற பதிலும் ஒரு மாத்திரையும்தான் கிடைத்தன.

இனி வார்டு. அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே டியூப்லைட், ராத்திரி முழுக்க எரிந்தது. அணைக்கக் கேட்டால் எல்லாக் கட்டிலுக்கும் ஒரே சுவிட்ச் என்றார்கள். பதினோரு மணிக்கு ஊசி, ஒரு மணிக்கு பி.பி., மூன்று மணிக்குக் காய்ச்சல் பார்க்க, ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்க. காணாமல் போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது மிஷினையும் கழற்றி எங்கள் பையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் வரும் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை. சரியாகப் பார்க்கவும் முடியாமல் கேட்கவும் முடியாமல், பகல் எது ராத்திரி எது என்று தெரியாமல், ஏற்கனவே மறதி உள்ள ஒருவர் அங்கே எப்படித் தெளிவாக இருப்பார்? டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். இரண்டு கைகளையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். துணி இறுகிய இடத்தில் மணிக்கட்டு முதலில் சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. ஒரு ஊசியும் போட்டார்கள். அது மனநோய்களுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் காலால் நடந்து உள்ளே போனவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிவந்தோம்.

ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அத்தனை கட்டிலையும் ஓரிருவர் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்த வழி அது ஒன்றுதான். வேறு வழியை வகுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அப்பாவுக்குத் திடீரென்று வந்த அந்தக் கடும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். எனக்கு முன்பே நீங்கள் படித்ததுதான். உடம்பில் எங்கோ ஒரு தொற்று. அதை எதிர்க்க உடம்பு அனுப்பும் அழற்சிச் சமிக்ஞைகள் ரத்தத்தோடு போய் மூளையையும் உசுப்பிவிடுகின்றன. ஏற்கனவே மறதி நோய் உள்ள மூளை அதைத் தாங்குவதில்லை. அதோடு தூக்கமும் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். டெலிரியம் வந்து போனவர்களில் பலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை, மறதியின் வேகமும் கூடிவிடுகிறது. இவ்வளவு பெரிய ஆபத்தை ஒரு அரைப் பக்கக் கடிதம் வழக்கமான குழப்பம் என்று சொல்லிக் கடந்துபோகலாமா?

இதைத் தடுக்க முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஷரோன் இனோயே 1999-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 70 வயதைத் தாண்டிய 852 பேரை வைத்துச் செய்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்குப் புது மருந்து எதுவும் இல்லை. கண்ணாடியும் காது மிஷினும் போட்டுவிட்டார்கள், தண்ணீர் குடிக்கவைத்தார்கள், பகலில் எழுந்து நடக்கவிட்டார்கள், நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள். ராத்திரியில் சூடான பானம், முதுகை நீவிவிடுவது, மெல்லிய இசை, வார்டில் சத்தத்தைக் குறைப்பது, தூக்கத்தைக் கலைக்காதபடி மருந்து நேரத்தையும் பரிசோதனை நேரத்தையும் மாற்றி வைப்பது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஒரு டம்ளர் பாலுக்கும் முதுகு நீவுவதற்கும் எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அதைச் செய்ய அம்மா அந்தக் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்தார்.

வார்டோடு இந்த விஷயம் முடியவில்லை. அப்பாவின் மூளை பல வருடமாக வீட்டிலும் இப்படித்தான் தூக்கமில்லாமல் கிடந்தது. மூளைக்குள் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. கிருமி வந்தாலோ கழிவு சேர்ந்தாலோ ஓடிவந்து அகற்றுவது அவற்றின் வேலை. வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் கொதித்துக்கொண்டே இருந்தால், ஊரைக் காக்க வைத்த காவல்காரனே வீட்டுக்குள் புகுந்து அடிப்பதைப் போல, நல்ல நரம்பு இணைப்புகளையும் தின்னத் தொடங்கிவிடுகின்றன. மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயில், மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளோடு கூட இந்த அழற்சிக்கும் பங்கு உண்டு என்பது வெறும் ஊகம் அல்ல. மைக்ரோகிளியாவை இயக்கும் டிரெம்2 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் அல்சைமர் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2013-லேயே கண்டுபிடித்தார்கள்.

தூக்கம் இங்கேதான் வருகிறது. தொடர்ந்து தூக்கம் பறிக்கப்பட்ட எலிகளின் மூளையில் மைக்ரோகிளியா கிளர்ந்து நிற்பதை 2017-ல் காட்டினார்கள். எலிக்கும் மனுஷனுக்கும் தூரம் அதிகம் என்று நீங்கள் சொல்லலாம். 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு மனிதர்களைப் பற்றியது. அமெரிக்காவில் முதியவர்கள் பலரின் தூக்கம் எத்தனை முறை கலைகிறது என்பதை, மணிக்கட்டில் கட்டும் கருவியை வைத்து அவர்கள் உயிரோடு இருந்தபோதே அளந்தார்கள். அவர்களில் இறந்துபோனவர்களின் மூளையை, அவர்கள் ஏற்கனவே கொடுத்திருந்த சம்மதத்தின்படி ஆராய்ந்தார்கள். துண்டு துண்டாகத் தூங்கியவர்களின் மூளையில் மைக்ரோகிளியா அதிகம் கிளர்ந்தும், வயதுக்கு மீறி மூப்படைந்தும் இருந்தது. அல்சைமர் நோய் இல்லாதவர்களிடமும் இந்தத் தொடர்பு தெரிந்தது. அப்பா இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் அதுதான் என் நினைவுக்கு வருகிறது.

ஆய்வுகளுக்குள் சச்சரவு இல்லாமல் இல்லை. தூங்கும்போது மூளை தன் கழிவுகளைக் கழுவி வெளியேற்றுகிறது என்று மைக்கன் நெடர்கார்டு என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் 2013-ல் எலிகளில் காட்டியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2024-ல் லண்டன் ஆய்வாளர்கள் அதற்கு நேர்மாறான முடிவை, அதுவும் எலிகளில்தான், வெளியிட்டார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். அழற்சியைப் பற்றிய சான்றுகள் அதன் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. அதே மாதிரி, நோய் தூக்கத்தைக் கெடுக்கிறதா, கெட்ட தூக்கம் நோயை வளர்க்கிறதா என்றும் கேட்கலாம். இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. பிரிட்டனில் கிட்டத்தட்ட 8000 அரசு ஊழியர்களை 25 வருடம் பின்தொடர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 50, 60 வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் அதிகமாக வந்தது. 50 முதல் 70 வயது வரை தொடர்ந்து குறைவாகவே தூங்கியவர்களுக்கு ஆபத்து 30 சதவீதம் கூடுதல். அதனால் மட்டும்தான் வந்தது என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. தூக்கத்தை ஒரு பொருட்டாக எடுத்துக் கேட்பதற்கு இது போதாதா?

உங்கள் மருந்துச் சீட்டுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். அப்பாவின் சீட்டு ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது. மறதிக்கு டோனெபெசில், இரவு ஒன்று. தூக்கத்துக்கு அல்பிரசோலாம், இரவு ஒன்று. இருமலுக்கு ஒரு சிரப், அதில் டைஃபென்ஹைட்ரமின். டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. டைஃபென்ஹைட்ரமின் அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கிறது. ஒரே சீட்டில் ஒரு மருந்து ஏற்றுவதை அடுத்த மருந்து இறக்குகிறது. டோனெபெசிலை ராத்திரி சாப்பிட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், பயங்கரக் கனவு வரும், அப்படி வந்தால் காலைக்கு மாற்றலாம் என்பதும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. குறட்டை நடுவில் மூச்சு நின்றுபோகும் ஒருவருக்கு அல்பிரசோலாம் கொடுத்தால் மூச்சு இன்னும் மோசமாகும். முதியவர்களுக்குத் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், விழுவார்கள். அப்பா விழுந்தார். பாத்ரூம் வாசலில், விடியற்காலையில், புருவத்துக்கு மேலே தையல் போடும் அளவுக்கு. அந்த மாத்திரை ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருப்பது, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதது. எங்கள் ஊர் மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினாலே கொடுத்துவிடுகிறார்கள்.

வார்டில் போட்ட ஊசியும் இதில் சேர்த்திதான். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் புது வகை மருந்துகளுக்கும், 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழையவற்றுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்திருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், வேறு எதுவும் பலிக்காதபோது, குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்குக் கொடுக்க நேரலாம். அது எனக்குப் புரிகிறது. விளக்கை அணைத்துப் பார்க்காமல், காது மிஷினை மாட்டிப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் மனைவியை எழுப்பாமல் நேரே ஊசிக்குப் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களில் ஒருவர் கேள்வி கேட்டார் என்பதையும் எழுத வேண்டும். உறவினர் ஒருவர் சொல்லி வெளியூரில் ஒரு மருத்துவரிடம் போனோம். ஸ்கேனைப் பிறகு பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம்தான் பேசினார். "எத்தனை மணிக்குப் படுப்பார்? குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நிற்குமா? கனவில் கை கால் உதைப்பாரா? பகலில் எவ்வளவு தூங்குவார்? ராத்திரி சிறுநீருக்கு எத்தனை தடவை எழுவார்?" அம்மாவை யாரும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. சிரப்பை நிறுத்தினார். டோனெபெசிலைக் காலைக்கு மாற்றினார். அல்பிரசோலாமை ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பியதில் மூச்சு நின்று நின்று வருவது உறுதியானது, ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியிருந்தது. மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சிபாப் முகக்கருவியை எழுதிக்கொடுத்தார். அதை அப்பா முகத்திலிருந்து பிடுங்கி எறிவார், அம்மா பகலில் டிவி பார்க்கும்போதே மாட்டிப் பழக்கினார். காலை வெயிலில் உட்காரவைக்க மருத்துவர் சொன்னார், மதியத் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். மறதி போகவில்லை. போகும் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் இப்போது பெரும்பாலான ராத்திரிகளில் அப்பா தூங்குகிறார், மாலைப் பதற்றம் தணிந்திருக்கிறது, அம்மாவோடு சேர்ந்து பூண்டு உரிக்கிறார். அந்தக் கேள்விகள் பல வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 2021-ல் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள், இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்து அதிகம் இங்கேதான். உங்கள் வார்டுகளுக்கு இனி வரப்போகிறவர்கள் இவர்கள்.

ஆகவே கேட்கிறேன். மருத்துவர்களே, 60 வயதைத் தாண்டிய ஒருவர் மறதி என்று வந்து உட்கார்ந்தால், ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கூட வந்திருப்பவரிடம் கேளுங்கள். குறட்டையும் மூச்சு நிற்பதும் இருந்தால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் தூக்க மாத்திரை எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எத்தனை நாளைக்கு என்பதைச் சீட்டிலேயே குறியுங்கள். மறதி மருந்தோடு மோதும் சளி, இருமல் மருந்துகளை நீக்குங்கள். திடீரென்று குழப்பம் கூடினால் வயதின் மேல் பழி போடாமல் தொற்று, மலச்சிக்கல், வலி, மருந்து என்று காரணத்தைத் தேடுங்கள்.

நிர்வாகிகளே, ராத்திரி பத்து மணிக்கு மேல் வார்டின் பெரிய விளக்குகளை அணைத்துக் கட்டிலுக்கு ஒரு சிறிய விளக்கு வையுங்கள். உயிருக்கு அவசியமில்லாத ரத்தப் பரிசோதனை, பி.பி. எல்லாவற்றையும் விடிந்த பிறகு செய்ய உத்தரவிடுங்கள். கண்ணாடியும் காது மிஷினும் நோயாளியிடமே இருக்கட்டும். சுவரில் பெரிய கடிகாரமும் நாள்காட்டியும் மாட்டுங்கள். வயதானவர்களைச் சேர்க்கும்போதே டெலிரியம் வாய்ப்பைக் குறித்துவைக்கும் ஒரு தாளைக் கேஸ் ஷீட்டில் சேருங்கள். கைகளைக் கட்டுவதாக இருந்தால் மருத்துவரின் எழுத்து மூலமான காரணமும், குடும்பத்திடம் சொன்ன நேரமும், அவிழ்த்த நேரமும் பதிவாக வேண்டும். எனக்குப் பதில் அனுப்பிய மருத்துவமனை, இந்தப் பதிவுகள் அப்பாவின் விஷயத்தில் இருந்தனவா என்பதற்கு எழுத்தில் விடை தர வேண்டும்.

அரசின் சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களின் படிவத்தில் தூக்கத்துக்கும் மறதிக்கும் சில கேள்விகளைச் சேருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தூக்கப் பரிசோதனைக்கு வழி செய்யுங்கள், சிபாப் கருவியை வாங்க முடியாத குடும்பங்களுக்குக் காப்பீட்டில் கொடுங்கள். அல்பிரசோலாம் போன்றவை சீட்டில்லாமல் விற்கப்படுவதை மருந்து ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதிக்கட்டும்.

மறதி நோயாளியோடு துணைக்கு இருப்பவரையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் படுக்க ஒரு பெஞ்சாவது கொடுங்கள், ராத்திரியில் வெளியே அனுப்பாதீர்கள், நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன் அவரை எழுப்பிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மறதி நோயாளி ஒருவரின் மகள்